கடல் பக்கம் புள்ளைங்களுக்கு மிருகம் காட்ட எங்க போறதுங்க?

3 டிசம்பர் 2024, கேள்வி

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க பெருந்துறைங்க. பையனுக்கு 9 வயசு, பாப்பாவுக்கு 5. எங்கம்மாவும் கூட வருவாங்க, அவங்களுக்கு முட்டி வலி. அரைப்பரீட்சை லீவுல மூணு நாள் கடல் பக்கம் போயிட்டு வரலாம்னு இருக்கோம். யூட்யூப்ல டால்பின் மூக்குல பந்து வெச்சு ஆடறதப் பாத்துட்டு பையன் அதான் வேணும்னு ஒரே அடம். மெட்ராஸ்ல அந்த மாதிரி ஷோ இருக்குதுங்களா? இல்ல முதலைப் பண்ணையும் வண்டலூரும் போதுங்களா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

4 டிசம்பர், காத்தால

டால்பின் ஷோ மெட்ராஸ்ல மட்டுமில்லீங்க தம்பி, இந்தியாவுலயே எங்கயும் இல்லீங்க. 2013லயே மத்திய அரசு அதுக்கு அனுமதி குடுக்கக் கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் சொல்லிருச்சு. பையங்கிட்ட நேராவே சொல்லிப்போடுங்க. அங்க போயி பாத்துக்கலாம் வாடான்னு கூட்டிட்டுப் போயி ஏமாத்திப்போடாதீங்க, அந்த வயசுல ஏமாந்தது நாளைக்கும் நெனப்புல நிக்கும்.

நாங்க காங்கேயம் பக்கமுங்க, மாடு, கொறங்காடுன்னு (வேலி கட்டுன மேய்ச்சல் காடு) பொழப்பு. புள்ளைங்கள கூட்டிட்டு கடலுக்கு நாலு தடவ போயாச்சு. ஒரு தடவ மெட்ராசு, மூணு தடவ கோடியக்கரை. என்னயக் கேட்டா கோடியக்கரைன்னுதான் சொல்லுவேன். ஏன்னு பொழுதோட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து எழுதறேன்.

4 டிசம்பர், ராத்திரி

மெட்ராஸ் கதைய மொதல்ல சொல்லிர்றேன். 2022 மே மாசம் போனோம், அந்த மாசத்துல போனதே தப்புங்க. வண்டலூரு 602 ஹெக்டேரு, நம்மூரு கணக்குல கிட்டத்தட்ட 1,490 ஏக்கரா. 1855ல எழும்பூருல ஆரம்பிச்ச பூங்காவ 1985லதான் வண்டலூருக்கு மாத்துனாங்களாம். எடம் பெருசுங்கறது மிருகத்துக்கு நல்லதுதான், ஆனா முட்டி வலிக்காரங்க நடக்கற தூரம் இல்லீங்க. பேட்டரி வண்டி இருக்குது, உள்ள நொழைஞ்ச உடனே அதுக்கு டிக்கெட் வாங்கிருங்க. மத்தியானத்துல சிங்கம், புலியெல்லாம் நெழல்ல சுருண்டு படுத்துக்குது. என்ற பையன் அப்ப 5 வயசு, "அம்மா எல்லாமே தூங்குது, நாமளும் தூங்கலாம்"னான்.

வண்டலூருக்குத் திங்கக்கெழம லீவு, முதலைப் பண்ணைக்கு செவ்வாக்கெழம லீவு, அதப் பாத்துப் போங்க.

அப்புறம் ஒரு பீச்சுல குதிரை சவாரி. எந்த பீச்சுன்னு எழுதல, ஆனா நடந்தத எழுதறேன். என்ற பொண்ணு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிப் பண்டிகைக்கு வருசா வருசம் எங்கூட வந்து குதிரைச் சந்தைய சுத்திப் பாக்கறவ, அதனால குதிரைன்னா அவளுக்கு உசுரு. ஏறி உக்காந்துட்டா. ரெண்டு சுத்து போயி வந்தப்ப எங்கூட்டுக்காரரு சேணத்துக்கு அடில சாக்குத் துணி ஒட்டிக்கெடந்ததப் பாத்து லேசாத் தூக்குனாருங்க. உள்ளங்கை அகலத்துக்கு தோலு உரிஞ்சு புண்ணு, சுத்தியும் சீழு, அதுமேல உப்புக்காத்து. நொகத்தடி உரசி காளைக்கு கழுத்துல புண்ணு வந்தா எங்க மாமனாரு ஒரு வாரம் வண்டிய அவுத்துப் போட்டுருவாரு, மஞ்சளும் வேப்பெண்ணையும் போட்டுட்டே இருப்பாரு. அந்த ஆளுகிட்டக் கேட்டா "சீசன்ல எப்படிங்க நிறுத்தறது"ன்னுட்டாரு. பொண்ணு எறங்கிட்டா. அன்னிக்கு ராத்திரி சோறு உங்கல. அதுல இருந்து காசு குடுத்து மிருகத்து மேல ஏறறதையும், கழுத்துல பாம்பப் போட்டு போட்டோ எடுக்கறதையும் நாங்க விட்டுட்டோம்.

5 டிசம்பர்

நேத்து எழுதுனதுல நாள மாத்தி எழுதிட்டேனுங்க. முதலைப் பண்ணைக்குத்தான் திங்கக்கெழம லீவு, வண்டலூருக்கு செவ்வாக்கெழம. எங்கூட்டுக்காரரு படிச்சுட்டு, "நாம முதலை பாத்ததே செவ்வாக்கெழமதான, அப்புறம் எப்படி அன்னிக்கு லீவா இருக்கும்"னு கேட்டாரு. தம்பி, பழச நம்பி கெளம்பிராதீங்க.

7 டிசம்பர்

இப்ப கோடியக்கரை. வேதாரண்யத்துல இருந்து ஒரு பத்து கிலோமீட்டரு, நெலம் அங்க முடிஞ்சுருது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, இன்னொரு பக்கம் பாக் நீரிணை. 1967ல சரணாலயமா அறிவிச்சாங்க. 2002ல உலக அளவுல முக்கியமான ஈரநெலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேந்துருச்சு.

மொதத் தடவ போனது 2018 ஜனவரி. என்ற பொண்ணுக்கு அப்ப 5 முடிஞ்சு 6. வெடியால உள்ள போனோம், பனி இன்னும் புல்லு மேல இருக்குது, அக்கட்டால ஒரு மேடு, மேட்டுல ஒண்ணு நிக்குது. முதுகெல்லாம் கருகருன்னு, வயிறு வெள்ளவெளேர்னு, கண்ணச் சுத்தி வெள்ள வளையம், கொம்பு முறுக்கிப் புழிஞ்ச துணியாட்டம். வெளிமானுங்க. அதுக்குப் பின்னால பழுப்பு நெறத்துல ஒரு கூட்டம். வண்டிய நிறுத்தி எஞ்சின அணைச்சுட்டு சும்மா உக்காந்துட்டோம். பத்து நிமிசம் ஆச்சு, அதுங்க மேயவே ஆரம்பிச்சிருச்சு. கருப்பா இருக்கறதுதான் ஆணு, பழுப்பெல்லாம் பொட்டைன்னு சொல்லிக்குடுத்தேன்.

அதுக்கு அவ சொன்னதுதான் இன்னிக்கும் எனக்கு மறக்கல. "நம்ம காளையாட்டம் இதுவும் பெருசானா கருத்துக்குமா?" காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவலையாத்தான் இருக்கும், ஆறு மாசம் போனா சாம்பலாட்டம் மயிலைக்கு மாறும், காளையா இருந்தா வளர வளர திமிலும் கழுத்தும் கருக்கும். அத தெனமும் பாத்து வளந்த புள்ள அங்க போயி தானாக் கண்டுபுடிச்சா. நான் இதுக்கு முன்ன அப்படி யோசிச்சதே இல்ல.

எங்களுக்கு அந்த எடம் ஏன் அவ்வளவு புடிச்சிருச்சுன்னா, பாக்க எங்க கொறங்காடு மாதிரியே இருக்குது. வேலி மட்டுந்தான் இல்ல. ஆனா சீமைக்கருவேலம் உள்ள நொழைஞ்சு புல்லுத்தரைய தின்னுட்டு வருது. கொறங்காட்டுல அது பூந்தா கொழுக்கட்டப் புல்லு என்னாகும்னு நம்மளுக்குத் தெரியும். வெளிமானு மறைவுல பதுங்கற சாதி இல்ல, வெட்டவெளியில தூரத்துல வர்ற எதிரியக் கண்டு ஓடிப் பொழைக்கற சாதி. புதரு அடைச்சா அதுக்கு ஓடவும் எடமில்ல, மேயவும் எடமில்ல.

அப்புறம் உப்பளத்துப் பக்கம் செங்கால் நாரை. ஆயிரக்கணக்குல. தலையத் தலகீழாக் கவுத்து தண்ணியச் சலிச்சு சலிச்சு திங்குது. ஏன் ரோஸ் கலருன்னு பையன் கேட்டா சொல்லுங்க, உப்புத்தண்ணியில இருக்கற பாசியும் சின்னச் சின்ன எறால் மாதிரி பூச்சியும் தின்னுதான் அந்த நெறம் வருது, குஞ்சு பொறக்கறப்ப சாம்பல் நெறந்தான்.

8 டிசம்பர்

ரெண்டு திருத்தமுங்க. செங்கால் நாரைன்னு எழுதுனது தப்பு, அது வேற பறவை. இது பூநாரை. அங்க வனத்துறை ரெஸ்ட் ஹவுசுக்கே பூநாரை இல்லம்னுதான் பேரு, அதுலயே தங்கிட்டு வந்து மாத்தி எழுதிருக்கேன்.

இன்னொண்ணு, பழுப்பெல்லாம் பொட்டை இல்ல. எளங்கடாவும் பழுப்பாத்தான் இருக்கும், கொம்ப வெச்சுத்தான் அடையாளம் பாக்கணும். பொண்ணு அன்னிக்குக் கேட்ட கேள்விலயே இந்தத் திருத்தம் இருந்துருக்குது பாருங்க, நாந்தான் கவனிக்கல.

9 டிசம்பர்

கோபி அண்ணா கேட்டிருந்தீங்க, வெளிமான் பவானிசாகர் பக்கமே இருக்குதே, அத விட்டுட்டு 300 கிலோமீட்டருக்கு மேல எதுக்குப் போகோணும்னு. ஒரு நாள் பூரா யோசிச்சேனுங்க. மாயாறு பள்ளத்தாக்குல இருக்குதுங்கறது நெசந்தான். முதலையும் அப்படித்தான், நம்ம ஆத்துலயே கெடக்குது, உடுமலைப்பேட்ட அமராவதி டேம்கிட்ட முதலைப் பண்ணையும் இருக்குது. வெறும் முதலை பாக்கறதுக்கு மெட்ராஸ் போறேன்னா வேண்டாம்னுதான் நானும் சொல்லுவேன். பறவைக்கும் வெள்ளோடு இருக்குது, திருப்பூரு நஞ்சராயன் குளம் இருக்குது, 2024ல அதுவும் ராம்சார் ஆயிருச்சு.

ஆனா மாயாறு புலிகள் காப்பகமுங்கண்ணா. நெனச்ச எடத்துல வண்டிய நிறுத்தி எறங்கவும் முடியாது, எறங்கவும் கூடாது. கோடியக்கரைல புலி இல்ல, யானை இல்ல. அஞ்சு வயசுப் புள்ளையக் கூட்டிட்டு வண்டிக்குள்ள அமைதியா உக்காந்து பாக்க முடியுது. அப்புறம் பூநாரையும் ஆமையும் நம்ம பக்கம் கெடைக்காது. அதுக்குத்தான் கடலுக்குப் போறது.

நேரங் கெடைக்கறப்ப ரெண்டையும் பாருங்க தம்பி. அமராவதிய ஒரு ஞாயித்துக்கெழமைல முடிச்சுப்போடலாம்.

11 டிசம்பர்

மெட்ராஸ் முதலைப் பண்ணைய வேண்டாம்னு எழுதிட்டேனேன்னு நேத்து ராத்திரி தூக்கமே வரல. ஏன்னா அங்க பாத்த ஒண்ணு எனக்கு முக்கியம்.

1976ல வடநெம்மேலில ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் ஆரம்பிச்ச எடம் அது. கங்கை பக்கத்து நீட்டு மூக்கு கரியால், உப்புத்தண்ணி முதலை எல்லாம் அங்க இருக்குது, இது ரெண்டும் நம்ம டேம்ல கெடைக்காது. ஆனா நான் சொல்ல வந்தது அதில்ல. உள்ளயே இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்குதுங்க, 1978ல பதிவு பண்ணது. மண்பானைல பாம்பப் போட்டு வாயத் துணியில கட்டி வரிசையா வெச்சிருப்பாங்க. ஒரு பெரியவரு பானையத் தொறந்து கண்ணாடி விரியன கொக்கியில எடுத்தாரு. தலைய ரெண்டு வெரல்ல புடிச்சு, கண்ணாடிக் குடுவை வாயில கட்டுன தோலு மேல பல்ல வெச்சு அழுத்துனாரு. மஞ்சளா ரெண்டு சொட்டு, கடலெண்ணெயாட்டம் உள்ள எறங்குச்சு. அவ்வளவுதான்.

எங்க மாமனாரு 2016ல கடலக்காய் புடுங்கறப்ப கண்ணாடி விரியன் கடிச்சு, சாகக் கெடந்து பொழைச்சவரு. ஆஸ்பத்திரில பாட்டல் பாட்டலா மருந்து ஏத்துனாங்க. அந்த மருந்துக்கு மூலம் இந்த ரெண்டு சொட்டுதான். இத குதிரைக்குக் கொஞ்சங்கொஞ்சமா ஏத்தி, அது ரத்தத்துல உண்டாகற எதிர்ப்பு சக்திய பிரிச்சுத்தான் மருந்து ஆக்கறாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை, இந்த நாலுலயும் விஷம் எடுப்பாங்க. சில வாரம் வெச்சிருந்துட்டு பாம்பக் காட்டுலயே விட்டுருவாங்க. எங்க மாமனாரு அந்தப் பெரியவரப் பாத்துக் கும்புட்டாரு, கண்ணுல தண்ணி. அவரு என்ன ஏதுன்னு புரியாம "என்னங்கய்யா"ன்னாரு. நாங்கதான் எடுத்துச் சொன்னோம்.

அதனால மெட்ராஸ் போறவங்க அத மட்டும் விட்டுறாதீங்க. வெள்ளாமக் காட்டுல வேலை செய்யற குடும்பம்னா கண்டிப்பாப் போங்க.

13 டிசம்பர்

தம்பி, டெல்டாவுல மழை அடிச்சு ஊத்துது, டிவில பாத்திருப்பீங்க. அரைப்பரீட்சை லீவ விட்டுருங்க. கோடியக்கரை பாதி சதுப்பு, சேத்துல வண்டி சிக்கிக்கும். பொங்கலுக்கு 14ல இருந்து லீவு வருது, பட்டிப்பொங்கல் முடிச்சுட்டு கெளம்புங்க. பூநாரையும் அப்ப நல்லா எறங்கிருக்கும்.

2 ஜனவரி 2025

வழி கேட்டிருந்தீங்க. கார்னா கரூர், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். ரயிலுன்னா கோவைல இருந்து மன்னார்குடிக்கு ராத்திரில செம்மொழி எக்ஸ்பிரஸ் போகுது, திருப்பூர்லயும் ஈரோட்டுலயும் நிக்கும். அம்மாவுக்கு முட்டி வலின்னா ரயில்ல படுத்துட்டுப் போறதுதான் சொகம், அங்க எறங்கி வண்டி புடிச்சுக்கலாம்.

சோத்துக்கு வேதாரண்யத்துலயே பாத்துக்கங்க, காட்டுக்கிட்ட பெருசா ஒண்ணுங் கெடைக்காது. புளிசோறு கட்டிட்டுப் போனா வண்டிக்குள்ளயே உங்கோணும், கொரங்கு புடுங்கிரும். பரிதாபப்பட்டு அதுக்குப் போடாதீங்க. போட்டுப் பழக்குனதாலதான் அதுங்க ரோட்டுல வந்து அடிபடுது.

அம்மாவ ராமர் பாதத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, சின்ன மேடுதான். அகஸ்தியம்பள்ளில 1930ல ராஜாஜி உப்பு அள்ளுன எடத்துல நினைவுத்தூண் இருக்குது, பையனுக்குப் பாடத்துல வரும்.

15 ஜனவரி

பட்டிப்பொங்கலுங்க, வேலை எச்சு. தம்பி நாளன்னிக்கு கெளம்பறேன்னு எழுதிருக்கீங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க. மிருகம் மெரளாம இருக்க பச்சை, பழுப்புன்னு மங்கல் துணியாப் போடுங்க, செவப்பும் மஞ்சளும் வேண்டாம்.

21 ஜனவரி

தம்பி எழுதுனதப் படிச்சேன். வெளிமான் பாத்தாச்சு, மட்டக்குதிரைக் கூட்டமும் பாத்தாச்சு, ஆனா பூநாரை தூரத்துல ரோஸ் கோடாத்தான் தெரிஞ்சுதுன்னு பாப்பா அழுதுச்சாம். அது என்ற தப்புங்க. பைனாகுலர் எடுத்துட்டுப் போங்கன்னு நான் ஒரு வரி கூட எழுதல. எங்களுக்கு அது எப்பவும் பையிலயே கெடக்கறதால தோணவே இல்ல. அந்தக் கொழந்தைய நெனச்சா மனசு கஷ்டமா இருக்குது.

அங்க ஒரு மீன்காரரு பையங்கிட்ட, ஓங்கில் படகுக்கு முன்னால துள்ளித் துள்ளி ஓடும்னு சொன்னாருன்னு எழுதிருந்தீங்க. அதான் டால்பினு. அவன் ரெண்டு மணி நேரம் கரைலயே உக்காந்து கடலப் பாத்துட்டு இருந்தான், ஒண்ணும் வரலன்னாலும் அழுகலன்னு எழுதுனீங்க பாருங்க, அத எங்கூட்டுல எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுனேன்.

புயலப் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2018 நவம்பர் 16 கஜா அங்கதான் கரையக் கடந்துச்சு. நாங்க ரெண்டாந் தடவ 2023 ஜனவரில போனப்ப, மொதத் தடவ வண்டிய நிறுத்துன மரமே இல்ல. வேரோட சாஞ்ச கட்டைங்க கெடந்துச்சு. மானு, குதிரைன்னு நெறைய செத்துப்போச்சாம். இருந்தாலும் அந்த மேட்டுல கருப்பா ஒண்ணு நின்னுச்சு.

29 ஜனவரி

மெட்ராஸ் கரைல ஆமைங்க நூத்துக்கணக்குல செத்து ஒதுங்கறத நியூஸ்ல பாத்தீங்களா? என்ற பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்ததும் அதையே கேட்டுட்டு இருக்கா. கடல்ல இருக்கற ஆமை எப்படிம்மா மூழ்கிச் சாகும்னு. ஆமைக்கு நம்மளாட்டம் நுரையீரலுதான், மேல வந்து மூச்சு வாங்கோணும். இழுவலைல மாட்டுனா மேல வர முடியாது. ஆமை தப்பிச்சுப்போற கதவு வெச்ச வலை இருக்குது, அதப் போட்டா போதும். மீன் புடிக்கறவங்க பொழப்பு நமக்குத் தெரியாததில்ல, வலைல ஓட்டை வெச்சா மீனும் போயிருமேங்கற பயம் அவங்களுக்கு. ஆனாலும் முட்டைய வயித்துல சுமந்துட்டு கரைக்கு வர்ற சீவனுங்க.

17 மார்ச்

போன சனி, ஞாயிறு மறுபடியும் கோடியக்கரைங்க, இந்தத் தடவ எங்க ஆத்தாவும் கூட. பங்குனி ஆமை பாக்கத்தான். தை, மாசில கரையேறி முட்டை வெக்கும், ஒரு குழிக்கு நூறு முட்டை சொச்சம். நாயும் நரியும் தோண்டாம இருக்க வனத்துறை அத எடுத்து வேலி போட்ட மணல்ல பொதைச்சு வெக்கறாங்க, ஒன்றரை மாசம் கழிச்சுப் பொரியும். மணலு சூடு எச்சா இருந்தா பொட்டை எச்சு, கம்மியா இருந்தா ஆணு எச்சு.

வெளிச்சம் வர்றதுக்கு முன்னாலயே கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டார்ச் அடிக்காதீங்க, அது வெளிச்சத்தப் பாத்துத்தான் போகும்னு சொல்லிட்டாங்க. கூடைய சாச்சதும் கட்டவெரல் நீளத்துக்கு, அடுப்புக்கரி நெறத்துல, ஒண்ணு ஒண்ணாக் கெளம்புச்சு. தலைல மணலு ஒட்டிட்டு இருக்குது, துடுப்பு மாத்தி மாத்திப் போடுது, பின்னால சின்ன டிராக்டர் போன மாதிரி தடம். என்ற பையன் தூக்கி தண்ணியில விட்டுரட்டுமான்னு கேட்டான். கூடாது தம்பி, அதுவே நடந்து போகோணும்னாரு வனத்துறைக் காவலரு. ஒண்ண அலை வந்து ரெண்டு தடவ திருப்பித் தள்ளுச்சு. எங்க ஆத்தா சேலைய முட்டி வரைக்கும் தூக்கிச் சொருகிட்டு, "போ சாமி, போ சாமி"ன்னு அதோடயே நடந்துச்சு. மூணாவது அலைல அது போயிருச்சு. ஆத்தா அப்பவும் தண்ணியிலயே நின்னுச்சு.

பூநாரை மார்ச்ல அவ்வளவா இல்ல. ஒரு தடவைல ரெண்டையும் பாக்கோணும்னா மாசிக் கடைசி பாருங்க, ஆனா ரெண்டுமே கொறைவாத்தான் இருக்கும். தனித்தனியாப் போறதுதான் சரின்னு இப்பத் தோணுது.

18 மார்ச்

தம்பி, அடுத்த தை மாசம் பாப்பாவக் கூட்டிட்டு மறுபடியும் போறேன்னு எழுதிருக்கீங்க. பைனாகுலர் புதுசா வாங்க வேண்டாம், எங்கூட்டுது சும்மாத்தான் கெடக்குது. பெருந்துறைல இருந்து காங்கேயம் என்ன தூரமுங்க, ஒரு நாள் குடும்பத்தோட வந்து வாங்கிட்டுப் போங்க. வலது பக்கக் கண்ணாடிய மட்டும் கொஞ்சம் திருகிப் பாக்கோணும், அது லூசு. போன வாரம் கன்னு ஒண்ணு பொறந்துருக்குது, செவலை. பாப்பா வர்றதுக்குள்ள நெறம் மாறிரும், அதனால சீக்கிரம் வாங்க.